இறக்கிவிட ஆளில்லை

யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், எருசலேமின் பெத்சதா குளக்கரையில் படுத்துக் கிடந்த ஒரு மனிதரைக் காண்கிறோம். முப்பத்தெட்டு ஆண்டுகளாக உடல்நலமற்றுக் கிடந்தவர் அவர். நலம்பெற விருப்பமா என்று ஆண்டவர் கேட்டபோது அவர் குளத்தைக் குறை கூறவில்லை. தண்ணீரையும் குறை கூறவில்லை. தண்ணீர் கலங்கும் வேளையில் தம்மை இறக்கிவிட ஆளில்லை என்பதே அவரது முறையீடு. தாம் போய்ச் சேருமுன் வேறொருவர் இறங்கிவிடுகிறார் என்பதே அவரது துயரம். நலம் தரும் நீர் கண்ணுக்கெதிரே இருந்தது. அதற்கும் அவருக்கும் இடைப்பட்ட சில அடித் தூரத்தைக் கடக்கத் துணைசெய்யும் ஒரு மனிதர்தாம் இல்லை.

நம் நாட்டு ஏழைகளின் நிலையும் இன்று இதுவே. முதியோர் உதவித்தொகை, கைம்பெண் உதவித்தொகை, மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை, ரேஷன் அரிசி, மகப்பேறு உதவி என்று குளங்கள் பல உண்டு. ஆயின், அவற்றின் கரையில் நின்று கைகொடுக்க வேண்டியவர்கள் ஒருவர்பின் ஒருவராக அகற்றப்பட்டு வருகின்றனர். வாசலுக்கு வந்த தபால்காரர் போனார். மனுவைக் கையில் வாங்கிப் படித்துப் பார்த்த எழுத்தர் போய்க்கொண்டிருக்கிறார். அவர்கள் இருந்த இடத்தில் கைரேகை இயந்திரமும், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணும், 'சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்' என்ற மறுமொழியும் வந்து அமர்ந்துள்ளன.

இதனை முன்னேற்றம் என்கிறார்கள், சிக்கனம் என்கிறார்கள், ஊழல் ஒழிப்பு என்றும் சொல்கிறார்கள். இம்மூன்று பெயர்களையும் நாம் ஏற்க மறுக்கிறோம். ஏன் மறுக்கிறோம் என்பதைச் சற்று விரிவாகவே காண்போம்.

வாசலுக்கு வந்த பணம்

தமிழகத்தில் முதியோர் உதவித்தொகைத் திட்டம் 1962-இல் தொடங்கியது. அன்று மாதத்திற்கு 20 ரூபாய். படிப்படியாக ஏறி, 2011-இல் 1,000 ரூபாயாகவும், 2023-இல் 1,200 ரூபாயாகவும் அது உயர்த்தப்பட்டது. இதில் மைய அரசின் பங்கு, 80 வயதுக்குட்பட்ட முதியவர் ஒருவருக்கு மாதம் 200 ரூபாய். பல ஆண்டுகளுக்கு முன் நிர்ணயிக்கப்பட்ட அந்த 200 ரூபாய், 2025 முடியும்வரை ஒரு ரூபாய்கூட உயரவில்லை. தொகை சிறியதுதான். ஆயினும், பிள்ளைகளால் கைவிடப்பட்ட ஒரு தாய்க்கு மருந்துக்கும் காபித்தூளுக்கும் அதுவே ஆதாரம்.

பல்லாண்டுகளாக இத்தொகை மணியார்டராக வந்தது. தபால்காரர் திண்ணையில் அமர்ந்து, கைநாட்டு வாங்கிக்கொண்டு, நோட்டுகளை எண்ணிக் கொடுப்பார். பத்தோ இருபதோ அவர் எடுத்துக்கொண்டதும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த வருகையில் பணத்திற்கு மேலான ஒன்று இருந்தது. பாட்டி படுத்த படுக்கையானால் அவருக்குத் தெரியும். இறந்துவிட்டால் தெரியும். மகன் பணத்தைப் பிடுங்கிக்கொள்கிறானா என்பதும் தெரியும். பணம் வராத மாதத்தில், 'ஏன் தம்பி வரவில்லை?' என்று கேட்க ஒரு முகம் இருந்தது.

பின்னர் மணியார்டர் போய் வங்கிக் கணக்கு வந்தது. கிளை தொலைவிலிருக்கும் ஊர்களுக்கு வங்கியின் முகவர் ஒரு சிறு இயந்திரத்தோடு வருவார் என்றார்கள். 2013 ஜனவரி முதல் நேரடிப் பயன் மாற்றம் என்பது நாட்டின் கொள்கையாயிற்று. 2016-இல் ஆதார் சட்டம் வந்தது. விரலை வைத்தால் பணம், விரலை வைத்தால் அரிசி என்றாயிற்று. விரலை இயந்திரம் ஏற்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும், கடைக்கோடி மனிதருக்கு எட்டும்படியான விடை யாரிடமும் இல்லை.

உழைத்த விரல்

இயந்திரம் யாருடைய விரலை ஏற்க மறுக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குமரி மாவட்டத்து முந்திரி ஆலைகளில் கொட்டை உடைத்து, அதன் எண்ணெய் பட்டுத் தோல் வெந்த பெண்ணின் விரல். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு வாரிய விரல். வால்பாறை மலையில் கொழுந்து கிள்ளிய விரல். சிமெண்டுக் கலவை சுமந்த சித்தாளின் விரல். கரைவலை இழுத்த மீனவரின் விரல். ரேகை தேயும் அளவுக்கு உழைத்த கைகள் இவை. குளிரூட்டப்பட்ட அறையில் அமர்ந்து பணி ஓய்வு பெற்றவரின் ரேகை இப்படித் தேய்வதில்லை. உழைப்புக்குச் சான்றாக நிற்க வேண்டிய கையைப் பார்த்தே, 'நீ நீயல்ல' என்று இயந்திரம் தீர்ப்பிடுகிறது. இதைவிடக் கொடிய முரண் ஒன்று உண்டா?

இது எங்கோ ஓரிருவருக்கு நேரும் விபத்தன்று. ஆதார் வழக்கு உச்சநீதிமன்றத்தில் நடந்தபோது, 2018 மார்ச்சில் ஆதார் ஆணையமே தந்த கணக்கின்படி, அரசுச் சேவைகளில் சரிபார்ப்பு முயற்சிகள் வெற்றிபெற்றது 88 விழுக்காடு. எஞ்சிய 12 விழுக்காடு தோல்வி. கருவிழியைக் கொண்டும் முகத்தைக் கொண்டும் சரிபார்க்கும் முறைகளும் உண்டு என்பது உண்மையே. ஆனால் நூறு ஆடுகளில் ஒன்று தவறியதற்காக மற்றவற்றை விட்டுவிட்டுத் தேடிச் சென்ற ஆயனின் உவமையைக் கேட்டு வளர்ந்த நாம், நூற்றுக்குப் பன்னிரண்டு என்ற எண்ணைத் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று சொல்லிக் கடந்துபோக இயலுமா?

2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கப்படாததால் குடும்ப அட்டை நீக்கப்பட்டு, மாதக்கணக்கில் அரிசி கிடைக்கவில்லை என்றும், மகள் சோறு கேட்டுக் கேட்டே உயிர்விட்டாள் என்றும் தாய் கூறினார். சாவுக்குக் காரணம் மலேரியா என்று அரசுத் தரப்பு சொன்னது. காரணத்தைப் பற்றி வாதிடுவோர் வாதிடட்டும். அட்டை நீக்கப்பட்டிருந்தது என்பதில் வாதமில்லை. அடுத்த மாதமே, ஆதார் இல்லை என்பதற்காக யாருக்கும் ரேஷன் மறுக்கலாகாது என்று மைய உணவுத் துறை மாநிலங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. அந்த வீட்டுக்கு முன்கூட்டியே ஒருவர் சென்று பார்த்திருந்தால் இந்த அறிவுறுத்தலுக்கு வேலையே இருந்திராது.

2020 ஜூனில் ஒடிசாவின் நுவாபாடா மாவட்டத்தில், நூறு வயதைக் கடந்த தாயைக் கட்டிலோடு சாலையில் இழுத்துக்கொண்டு மகள் வங்கிக்குச் சென்ற காட்சி நாடெங்கும் பரவியது. கணக்கிலிருந்த தொகை 1,500 ரூபாய். தாயை நேரில் காட்ட வேண்டும் என்று வங்கியில் சொல்லப்பட்டதாக மகள் கூறினார். 2023 ஏப்ரலில் அதே மாநிலத்தின் நபரங்பூர் மாவட்டத்தில், 70 வயதான மூதாட்டி ஒருவர் உடைந்த நாற்காலி ஒன்றை ஊன்றுகோலாகப் பற்றிக்கொண்டு, வெறுங்காலோடு வெயிலில் உதவித்தொகைக்காக வங்கிக்கு நடந்தார். அவரது விரல்ரேகை ஒத்துப்போகவில்லை என்பதே சிக்கல். படம் பரவி, மைய நிதியமைச்சரே வங்கியைக் கேட்டபின், அடுத்த மாதம் முதல் வீட்டிற்கே கொண்டுவந்து தருவதாக வங்கி உறுதி கூறியது.

இதிலுள்ள உண்மையைக் கவனியுங்கள். வீட்டிற்குச் செல்ல ஓர் ஆள் இருந்தார். விதியிலும் அதற்கு இடமிருந்தது. அந்த ஆளை வரவழைக்க ஓர் ஒளிப்படமும் ஓர் அமைச்சரின் கேள்வியும் தேவைப்பட்டன. யாரும் படமெடுக்காத பாட்டிகளின் கதி என்ன?

இடைத்தரகர் ஒழிந்தாரா?

'ஆட்கள் இருந்தபோது லஞ்சம் இருந்தது. இறந்தவர் பெயரில் பணம் போயிற்று. இல்லாதவர் பெயரில் அரிசி போயிற்று. இயந்திரம் வந்தபின் அந்தத் திருட்டு நின்றுவிட்டது' என்பது எதிர்வாதம். நம் இறைமக்களிலும் படித்த பலர் இவ்வாறே பேசக் கேட்கிறோம். இதனை எளிதாக ஒதுக்கிவிட இயலாது. ஏழையின் பங்கைத் திருடிய கைகள் உண்மையிலேயே இருந்தன. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், தாம் உயிரோடிருப்பதற்கான சான்றைக் கருவூலத்துக்கு அலையாமல் வீட்டிலிருந்தே அனுப்ப 2014 நவம்பரில் தொடங்கிய திட்டம் வழிசெய்தது என்பதையும் மனமார வரவேற்கிறோம். இயந்திரத்தோடு நமக்குப் பகையில்லை.

ஆனால் திருட்டு நின்றுவிட்டது என்பது எந்த அளவு உண்மை? நூறு நாள் வேலைத் திட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் பொய்ப் பெயர் எழுதுகிறார்கள் என்று சொல்லி, பணியிடத்தில் தொழிலாளர்களைக் கைபேசியில் படம்பிடித்து ஏற்றும் முறை 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணியிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. இணையத் தொடர்பு கிட்டாத ஊர்களில் உழைத்தவரின் கூலி சிக்கலுக்குள்ளாயிற்று. 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய சுற்றறிக்கையில், தொடர்பில்லாத படங்கள் ஏற்றப்படுவதையும், படத்தையே மீண்டும் படமெடுத்து ஏற்றுவதையும் சுட்டிக்காட்டி, அலுவலர்கள் படங்களை ஒவ்வொரு நிலையிலும் சரிபார்க்க வேண்டும் என்று பணித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அத்திட்டத்துக்குரிய சட்டமே மாற்றப்பட்டுவிட்டது. எனினும் அச்சுற்றறிக்கை தரும் பாடம் மாறவில்லை. திருடத் துணிந்தவன் இயந்திரத்தை ஏமாற்றக் கற்றுக்கொள்கிறான். இயந்திரத்தால் தடுக்கப்படுபவர், ஏமாற்றத் தெரியாதவர் மட்டுமே. இறுதியில் இயந்திரத்தைக் கண்காணிக்கவும் மனிதரையே அழைக்க வேண்டியிருக்கிறது.

இடைத்தரகரும் ஒழியவில்லை, வேறு வேடம் பூண்டிருக்கிறார். முன்பு தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுத்தவர் இருந்த இடத்தில், இன்று கணினி மையத்தில் விண்ணப்பம் ஏற்றிக் கொடுப்பவர் இருக்கிறார். விரல் பதிந்து ஆயிரத்து இருநூறு எடுத்துத் தரும்போது ஐம்பதைக் கழித்துக்கொள்ளும் கைகளும் உண்டு. பழைய தரகரையாவது தாசில்தாரிடம் காட்டிக்கொடுக்க வழியிருந்தது. இன்று தாசில்தாரிடம் போனால், 'கணினியில் அப்படித்தான் காட்டுகிறது அம்மா' என்கிறார். அவரும் கணினிக்குக் கட்டுப்பட்டவர். தீர்மானிக்கும் அதிகாரம் எங்கிருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

யார் கணக்கில் மிச்சம்?

சிக்கனம் என்னும் வாதத்தையும் எடைபோடுவோம். ஓர் அலுவலகத்தில் மூவர் செய்த வேலையை ஒருவர் செய்தால், இருவருடைய ஊதியம் அரசுக்கு மிச்சமாகிறது. அரசின் கணக்கேட்டில் இது தெளிவாகத் தெரியும். ஆனால் தெரியாத ஏடு ஒன்று உண்டு. ரேகை ஒத்துவராத மூதாட்டி மூன்று முறை அலைந்த பயணச் செலவு, துணைக்குச் சென்ற மகள் இழந்த கூலி, கணினி மையத்தில் கொடுத்த கட்டணம், ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த நின்ற வரிசை, நிறுத்தப்பட்ட நான்கு மாத உதவித்தொகை ஆகியவை எந்த அரசு ஏட்டிலும் ஏறுவதில்லை. செலவு குறையவில்லை. தாங்கவல்ல தோளிலிருந்து இறக்கி, தாங்க இயலாத தோளின்மேல் அது ஏற்றப்பட்டிருக்கிறது. பொதுச் செல்வத்தைப் பேணுதல் என்று இதற்குப் பெயரிடுவது தகாது.

மற்றொன்றையும் கூற வேண்டும். புதிய திட்டத்தில் பெயர் சேர்க்க வேண்டுமானால் ஊருக்கு ஊர் முகாம் நடக்கிறது. தன்னார்வலர் வீடு தேடி வருகிறார். பந்தலும் நாற்காலியும் போடப்படுகின்றன. பெயரை நீக்கும்போது முகாம் இல்லை. கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அல்லது அதுவும் வருவதில்லை. கொடுக்கும்போது முகம் காட்டும் அரசு, மறுக்கும்போது முகத்தை மறைத்துக்கொள்வது ஏன்? எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு அனுப்பப்படும் குறுஞ்செய்தி, அறிவிப்பு ஆகாது.

செல்வ நாடுகளின் பாடம்

இந்நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம்மைவிட வசதி படைத்த நாடுகளும் இவ்வழியே சென்று அடிபட்டுள்ளன. ஆஸ்திரேலியாவில் 2015 முதல், உதவித்தொகை பெற்றவர்களின் வருமானத்தைக் கணினியே சராசரியாகக் கணக்கிட்டு, 'நீங்கள் கூடுதலாகப் பெற்றுவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள்' என்று கடிதம் அனுப்பியது. முன்பு அலுவலர் ஒருவர் சரிபார்த்த வேலை அது. கணக்கு தவறு என்று மெய்ப்பிக்கும் சுமை ஏழையின்மேல் வைக்கப்பட்டது. 2020-இல் அந்த அரசே ஏறத்தாழ 4,70,000 கடன்களை விலக்கி, 72 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தருவதாக அறிவிக்க நேர்ந்தது. அத்திட்டம் நேர்மையானதுமன்று, சட்டப்படியானதுமன்று என்று 2023 ஜூலையில் அரச விசாரணை ஆணையம் முடிவு கூறியது. அதற்குள் கடன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உயிரை மாய்த்துக்கொண்டோரின் குடும்பங்கள் அந்த ஆணையத்தின் முன் சாட்சி சொல்லியிருந்தன.

அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், தன் ஊழியர் எண்ணிக்கையை ஏறத்தாழ 57,000-இலிருந்து 50,000 ஆகக் குறைக்கப்போவதாக 2025 பிப்ரவரி இறுதியில் அறிவித்தது. அடுத்த மாதமே, இணையவழியில் தம்மை மெய்ப்பிக்க இயலாதவர்கள் இனித் தொலைபேசியில் பேசிப் பயனில்லை, அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும் என்றும் அறிவித்தது. ஒரு கையால் ஆளைக் குறைத்து, மறுகையால் கூட்டத்தை வரவழைத்த விந்தை இது. முதியோர் அமைப்புகள் கொதித்தெழுந்தபின் ஏப்ரலில் அந்த விதி பெரிதும் தளர்த்தப்பட்டது. எழுந்து கேட்டவர்கள் இருந்ததால்தான் தளர்த்தப்பட்டது என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

சலிப்படையாத நடுவர்

லூக்கா நற்செய்தியில் நேர்மையற்ற நடுவரையும் கைம்பெண்ணையும் பற்றிய உவமை உண்டு. அந்த நடுவர் கடவுளுக்கு அஞ்சாதவர், மக்களை மதியாதவர். ஆயினும் அந்தக் கைம்பெண் வென்றாள். எப்படி வென்றாள்? அவருக்கு ஒரு வாசல் இருந்தது. அவள் அதில் போய் நின்றாள். அவருக்குக் காது இருந்தது. அவள் மீண்டும் மீண்டும் பேசினாள். அவரும் மனிதராகையால் சலித்துப்போனார். நேர்மை இல்லாத இடத்திலும் சலிப்பு இருந்தது. அந்தச் சலிப்பே ஏழைக்கு ஆயுதமாயிற்று.

இன்று நம் கைம்பெண்களின் முன்னே வைக்கப்பட்டிருப்பவர் சலிப்படையாத நடுவர். ஆயிரம் முறை விரல் வைத்தாலும் இயந்திரம் களைப்பதில்லை, எரிச்சல் கொள்வதில்லை, வெட்கப்படுவதில்லை. ஏழையிடம் எஞ்சியிருந்த ஒரே வலிமை, ஒரு மனிதரின் முன்னே போய் நின்று அவர் மனத்தைத் தொல்லைப்படுத்துவது. அதையும் பறித்துவிட்டோம். பணம் நிறுத்தப்படுவது ஓர் அநீதி. யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் ஆக்கப்படுவது அதனினும் பெரிய அநீதி. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லாத இடத்தில் உரிமை என்ற சொல்லுக்கே பொருளில்லை. அங்கே எஞ்சுவது அதிர்ஷ்டம் மட்டுமே.

தொடக்கத் திருச்சபையிலும் இதே சிக்கல் எழுந்தது. திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். அன்றாடப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசுவோர் முறையிட்டனர். விநியோகத்தில் கோளாறு, பாகுபாடு என்ற குற்றச்சாட்டு. திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? முறையிட்டவர்களை வாய்மூடச் செய்யவில்லை. கோளாறு இருக்கிறது என்று பந்தியையும் மூடவில்லை. நற்சான்று பெற்ற எழுவரை மக்களே தேர்ந்தெடுக்கும்படி சொன்னார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதை விவிலிய அறிஞர்கள் நமக்குச் சுட்டிக்காட்டியுள்ளனர். அதாவது, புறக்கணிக்கப்பட்டவர்களின் மொழி தெரிந்தவர்களே பொறுப்பில் அமர்த்தப்பட்டார்கள். பங்கீட்டில் கேடு நேர்ந்தபோது திருச்சபை கண்ட மருந்து, ஆளை அகற்றுவதன்று. தகுந்த ஆளை அமர்த்துவது. திருத்தொண்டர் பணிக்கே அதுதான் தோற்றுவாய் என்று மரபு கூறுகிறது.

இந்நெறியையே திருத்தந்தையரின் சமூகப் போதனைகளும் வெவ்வேறு சொற்களில் எடுத்துரைத்தன. 1931-இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர், அருகிலுள்ள சிறிய அமைப்பு செய்யக்கூடியதை மேலுள்ள பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது. துணைநிற்க வேண்டும் என்று கற்பித்தார். 1991-இல் இரண்டாம் அருள் சின்னப்பர், தேவையுற்றோரின் தேவையை அவர்களுக்கு அருகிலிருந்து அயலாராய்ச் செயல்படுவோரே நன்கு அறிவர் என்றும், அலுவலகச் சடங்குகளில் மூழ்கிய நலவாழ்வு அரசு மனிதரை மறந்துவிடுகிறது என்றும் எச்சரித்தார். இப்போதனையைக் காட்டி, அரசு ஏழைகளுக்குச் செய்யும் செலவைக் குறைக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் பாதியை மட்டும் படித்தவர்கள். ஏழையை அறிந்தவர் ஏழையின் அருகில் இருக்கட்டும் என்பதே அதன் உட்பொருள். கிராம நிர்வாக அலுவலரின் கையிலிருந்த தீர்ப்பைப் பறித்து, தலைநகரிலுள்ள கணினியின் கையில் கொடுப்பது அப்போதனைக்கு நேர்மாறானது.

திரும்பி வந்த கடைகள்

'காலம் மாறிவிட்டது, இனி எதையும் திரும்பக் கொண்டுவர முடியாது' என்று சொல்வோருக்குப் புதுச்சேரியே மறுமொழி. அங்கே 2015 செப்டம்பரில் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் என்ற முறை வந்தது. காலப்போக்கில் ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. கணக்கில் பணம் வந்தாலும், வந்ததா என்றறியவும் எடுக்கவும் வங்கிக்கு அலைய வேண்டும். வந்த தொகைக்குச் சந்தையில் கிடைக்கும் அரிசி குறைவு. வீட்டில் அப்பணம் வேறு கைக்குப் போய்விடும் என்று பெண்கள் குமுறினர். மீண்டும் கடையைத் திறங்கள் என்று வாக்குக் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்கள். 2024 அக்டோபரில் கடைகள் திறக்கப்பட்டன. மக்கள் கேட்டார்கள், மூடிய கதவு திறந்தது.

வேறு எடுத்துக்காட்டுகளும் உண்டு. கேரளத்தில் சமூகநல ஓய்வூதியத்தைக் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாக வீட்டிலேயே பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு செய்யப்பட்டது. தமிழகத்தில் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தாயுமானவர் திட்டம், 70 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டிற்கே கொண்டுசெல்வதை நோக்கமாகக் கொண்டது. ஏறத்தாழ 21 லட்சம் பேர் பயனாளிகளாகக் கணக்கிடப்பட்டனர். எந்தக் கட்சி செய்தது என்பது நமக்குப் பொருட்டன்று. வீடு தேடிச் செல்ல முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. அரிசிக்கு முடிவது உதவித்தொகைக்கு ஏன் முடியாது?

நாம் கேட்க வேண்டியவை

நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். முதலாவது, உதவித்தொகை தொடர்பான ஒவ்வோர் அலுவலகத்திலும், குறித்த நாளில், தீர்மானிக்கும் அதிகாரமுள்ள ஒருவர் மக்களைச் சந்திக்க அமர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது, வீட்டிற்குச் சென்று நேரில் விசாரிக்காமலும், காரணத்தைத் தமிழில் எழுதித் தராமலும் யாருடைய உதவியையும் நிறுத்தலாகாது. மூன்றாவது, விரலோ முகமோ ஒத்துவராதபோது பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ பெற்று அன்றைக்கே அரிசியும் பணமும் வழங்க வேண்டும். இவ்விதி கடை வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும். நான்காவது, படுக்கையில் கிடப்போருக்கும் நடக்க இயலாதோருக்கும் உதவித்தொகை வீட்டிலேயே சேர வேண்டும்.

இவற்றைக் கேட்க இடங்கள் இன்னும் உள்ளன. திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நிற்கும் வரிசையே, ஏழைகள் இன்னும் மனிதமுகத்தைத் தேடுகிறார்கள் என்பதற்குச் சான்று. குடியரசு நாளன்றும் மே நாளன்றும் கூடும் கிராமசபையில் எழுந்து நின்று தீர்மானம் கொண்டுவர ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. கிராமசபை கூடும் நாளில் நம்மில் எத்தனை பேர் அங்கே இருக்கிறோம்?

அன்பியக் கூட்டங்களில் இறைவார்த்தையைப் பகிர்ந்தபின், நம் தெருவில் யாருடைய உதவித்தொகை நின்றுபோயிற்று, யாருடைய அட்டை முடங்கிக் கிடக்கிறது என்று கேட்டுப் பட்டியல் எடுக்க அரைமணி நேரம் போதும். அப்பட்டியலோடு ஐந்து பேர் தாலுகா அலுவலகத்துக்குப் போனால், தனியாகச் சென்ற பாட்டிக்குக் கிடைக்காத பதில் கிடைக்கும். இப்பட்டியலில் கிறித்தவர் பெயர் மட்டும் இருக்குமானால் அது பட்டியலே ஆகாது. தெருவிலுள்ள எல்லாப் பெயர்களும் அதில் வேண்டும்.

வின்சென்ட் தே பவுல் சபையினர் ஓசையின்றிச் செய்துவரும் பணியை நாம் அறிவோம். உதவித்தொகை நின்றுபோன வீட்டுக்கு அரிசி கொண்டுபோகிறார்கள். அது தொடரட்டும். ஆனால் அந்த அரிசியைக் கண்டு அரசு தன் கடமை தீர்ந்தது என்று எண்ணிவிட இடங்கொடுக்கலாகாது. நீதியாகக் கிடைக்க வேண்டியதைத் தருமமாகக் கொடுத்து ஈடுசெய்துவிட முடியாது. அரிசிப் பையோடு ஒரு மனுவும் எழுதப்பட வேண்டும்.

அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் பணியாற்றும் பொதுநிலையினர் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்குத் தனியாக ஒரு சொல். விதி விலக்குக்கு இடம் தரும் ஏடு உங்கள் மேசை அறையிலேயே இருக்கிறது. அதைத் திறப்பதற்கு மேலிடத்து ஆணை தேவையில்லை. வரிசையில் நிற்பவரை நிமிர்ந்து பார்த்தால் போதும். ஞாயிறு திருப்பலியில் காணிக்கை எடுத்துச் செல்லும் கைகள், திங்கட்கிழமை ஒரு மூதாட்டியின் மனுவை வாங்கிப் படிக்கட்டும். நம் பள்ளிகளும் மருத்துவமனைகளும்கூட, விண்ணப்பம் முதல் முறையீடு வரை எல்லாவற்றையும் இணையத்திலேயே வைத்துக்கொண்டு, ஏழைப் பெற்றோர் வாயிற்காவலரைத் தவிர வேறு யாரையும் பார்க்க இயலாத நிலைக்குச் சென்றுவிடலாகாது. அரசிடம் நாம் கேட்பதை நம் வாசலில் நாமே நடத்திக் காட்ட வேண்டும்.

பெத்சதாவில் ஆண்டவர், படுத்துக் கிடந்தவரிடம் குளத்தின் விதிகளை விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. கூட்டத்தினிடையே அவரைக் கண்டார், நெடுநாளாய் அவர் அப்படிக் கிடப்பதை அறிந்தார், அவரிடம் பேசினார். காண்பதும், அறிவதும், பேசுவதும் மனிதர் செய்ய வேண்டிய வேலைகள். அவற்றைச் செய்ய ஆள் வைப்பது வீண் செலவு என்று சொல்லும் எந்தக் கணக்கையும், எவர் எழுதினாலும், நாம் ஏற்பதற்கில்லை.